கட்டினவன் முதலில் ஏறணும்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே இசக்கியப்பன் வீட்டு முற்றத்தில் மரத்தூள் பறந்தது. இரண்டு வேப்பஞ்சட்டங்களைத் தரையில் கிடத்தி, இரவல் வாங்கிய கை டிரில்லால் சாணுக்கு ஒன்றாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாகச் சாரம் கட்டிய கை அது. ஆசாரி வேலை அதற்குப் புதிது. ஒரு துளை நேராக விழுந்தால் அடுத்தது கோணிக்கொண்டது. கோணியதற்கு ஒரு வசவு, பிறகு மறுபடி டிரில்.

படம் வரைகிறவர்கள் இதை ஈசல் என்பார்களாம். குறிச்சியில் அந்த வீட்டில் இதற்குப் பெயர் ஸ்டாண்டு. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் தாங்கிக்கொண்டு நிற்குமே, அதே சாடை. முன்னால் இரண்டு கால், பின்னால் ஒரு கால். முன்கால் துளைகளில் இரண்டு முளைக்குச்சி, குச்சிகளின் மேல் ஒரு பலகை. பலகையில் போர்டைத் தூக்கி வைத்துவிட்டால் ஒருவன் அதன் முன்னால் நின்று எழுதலாம், வரையலாம். சாரத்தில் ஏற வேண்டியதில்லை.

அந்த ஒருவன் அவருடைய மகன் மகாராஜா. மாசி மாதம், ஜங்ஷனில் ஒரு தியேட்டர் வாசலில், நாற்பதடிக் கட்அவுட்டுக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தவன் சாரப்பலகை சரிந்து கீழே விழுந்தான். வலது தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். கையில் ஊன்றுகோல். சாரம் கட்டியவர் இசக்கியப்பன்.

அன்று ஆஸ்பத்திரியில் ஏசித் தீர்த்ததோடு சரி, அவர் மனைவி சுடலைவடிவு அவரோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், சட்டை துவைப்பாள், காய்ச்சல் என்றால் கஷாயமும் வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகனிடம் சொல்லுவாள். மகன் இல்லாவிட்டால் அடுப்பிடம் சொல்லுவாள்.

இன்று நாலு மணிக்கு முக்கூடலிலிருந்து மந்திரமூர்த்தி வருகிறார். மகாராஜாவுக்கு நிச்சயம் செய்திருக்கும் தேன்மொழிக்குத் தாய்மாமன். தாயும் தகப்பனும் இல்லாத பெண்ணுக்கு எல்லாமே அவர்தான். போன வாரம் அவர் சொல்லி அனுப்பியது ஒரே பேச்சு.

"மாப்பிள்ளை நின்னு வேலை செய்யுததை என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா ஆவணியில கல்யாணம். இல்லைன்னா நிச்சயத் தட்டைத் திருப்பிக்கிடுவோம்."

இசக்கியப்பனுக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவன் கேட்கிற கேள்விதானே. நியாயமாக இருந்ததால்தான் டிரில்லை இரவல் வாங்கினார்.

ஒன்பது மணிக்குச் சுடலைவடிவு ஆற்றிலிருந்து துவைத்த துணியோடு வந்தாள். அதற்குள் ஸ்டாண்டுக்கு உருவம் வந்திருந்தது. இரண்டு சட்டங்களையும் உச்சியில் சேர்த்து, நடுவில் குறுக்குக்கட்டை அடித்தாயிற்று. பின்காலாக ஒரு சவுக்குக் கம்பு பக்கத்தில் கிடந்தது. கம்பின் நடுவில் ரோஸ் நிறத்துப் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கட்அவுட்டின் முகத்துக்கு அடித்த பெயிண்ட் அது. ஆஸ்பத்திரியில் மகனுடைய விரல் இடுக்கிலெல்லாம் அவளே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்த நிறம், மறந்துபோகுமா?

"எய்யா, அந்தக் கம்பு இந்த வீட்டுக்குள்ள வரப்படாதுன்னு நான் சொன்னேனா இல்லையா? ஒங்க ஐயாட்ட கேளு."

மகாராஜா ஸ்டூலில் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தகப்பனைப் பார்த்தான்.

"மத்த கம்பு பூராத்தையும் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் நல்ல வைரம் பாஞ்சது," என்றார் இசக்கியப்பன், டிரில்லைப் பார்த்தபடி.

"என் புள்ளையைக் கீழ தள்ளுன மரம். அதை நம்பியா இவன் நிக்கணும்? கேளு."

"மரம் தள்ளலை." அவர் எழுந்துவிட்டார். "மரம் என்ன பாவம் செஞ்சுது? முடிச்சுதான் அவுந்துச்சு. முடிச்சைப் போட்டவன் நான். வெறகா வெட்டணும்னா என்னைத்தான் வெட்டணும்."

மகாராஜா குனிந்து தூரிகையைக் கழுவினான். அது ஏற்கெனவே கழுவிய தூரிகை.

சுடலைவடிவு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் மஞ்சள்தண்ணீர் இருந்தது. கம்பின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தெளித்தாள். ஏதோ முணுமுணுத்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, யாரையும் பாராமல் துணி காயப்போடப் போனாள். அவ்வளவுதான் உத்தரவு.

பன்னிரண்டு மணி சுமாருக்குப் பின்கால் உச்சியில் போல்ட்டோடு சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பின்கால் விரிந்துகொண்டே போய்விடாமல் அதையும் முன்பக்கக் குறுக்குக்கட்டையையும் சேர்த்து ஒரு பிடிப்பு வேண்டும். பள்ளிக்கூட ஸ்டாண்டில் அந்த இடத்தில் சங்கிலி தொங்கும். பிடிப்பு விட்டுப்போனால் முன்னும் பின்னும் கால்கள் வழுக்கும்; போர்டு, சட்டம் எல்லாமாக முன்னால் நிற்பவன் தொடையில்தான் விழும்.

"அகமது மீரான் இரும்புக்கடையில சங்கிலி வாங்கியாரேன்," என்று துண்டை உதறினார் இசக்கியப்பன்.

"பொறவாசல்ல கயிறு கெடக்கே ஐயா."

"கயிறு வேண்டாம்."

நாலு மாதமாக அவர் கயிற்றைத் தொடவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கக்கூட இல்லை. ஒரு குடம் தண்ணீர் வேண்டுமென்றால் தெருக்குழாய்க்குப் போய் வரிசையில் நிற்பார்.

அப்போது பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து காஜா முகைதீன் குரல் கொடுத்தார்.

"மகாராஜா, முக்கூடல் போன். வெரசா வாலே, நான் தொழுகைக்குப் போவணும்."

மகாராஜா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனான். பத்து வீட்டுத் தூரம்கூட இல்லை. ரிசீவரை எடுக்கும்போது நெற்றி வியர்த்திருந்தது.

"நான் தேன்மொழி பேசுதேன்."

"சொல்லு."

"மாமா நாலு மணிக்குன்னு சொன்னாவல்லா. இப்பமே சாப்பிட உக்காந்துட்டாவ. ரெண்டு மணிக்கு அங்கன இருப்பாவ. மாமா உரக்கடைக்கு எழுத வேண்டிய போர்டை லோடு ஆட்டோவுல ஏத்தியாச்சு. இரும்பு ஆங்கிள் அடிச்சது. ரெண்டு ஆள் சேந்தாத்தான் தூக்க முடியும்."

"எதுக்கு அது?"

"அட்டையில எழுதிக் காட்டுனா நம்ப மாட்டாவளாம். வேணும்னே கனத்ததாப் பாத்துக் கொண்டாராவ." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்க பாருங்க, ஒங்களால முடியலைன்னா முடியலைன்னே சொல்லிருங்க. பெறவு நான் பேசிக்கிடுதேன். கால் எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. எங்கிட்ட எதையும் மறைச்சு மட்டும் வைக்காதீங்க. அது எனக்கு ஆவாது."

மகாராஜா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். "சரி," என்றான்.

"மூணு மணிக்கு மறுபடியும் பண்ணுதேன்," என்று வைத்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் இசக்கியப்பன் செருப்பைக்கூட மாட்டாமல் கடைத்தெருவுக்கு ஓடினார். மேலப்பாளையம் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. அகமது மீரான் கடைப் பூட்டு வெயிலில் மின்னியது. வெள்ளிக்கிழமை. முப்பது வருஷமாக இந்தத் தெருக்களில் நடமாடுகிற மனிதர், ஜும்மா நேரம் தெரியாமல் வந்து நிற்கிறார். பதற்றம் வந்தால் கிழமை எங்கே நினைவிருக்கிறது? இரண்டரைக்குத்தான் திறப்பார்கள். ஜங்ஷனுக்கு பஸ் ஏறிப் போனால் இரண்டு மணிக்குள் திரும்ப முடியாது.

வெறுங்கையோடு வந்தார். முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரில் கயிறு ஊறிக்கொண்டிருந்தது. நனைத்துக் கட்டினால் இறுகப் பிடிக்கும் என்று மகாராஜா எடுத்துப் போட்டிருந்தான்.

"கட்டுங்க ஐயா."

"வேண்டாம்லே. சொன்னாக் கேளு. வேற எவனையாவது கூட்டியாரேன்."

"எவனைக் கூட்டியாருவீங்க? ஒங்களை விட்டா இந்த ஊர்ல யாருக்குக் கட்டத் தெரியும்?"

இசக்கியப்பன் வாளியருகில் உட்கார்ந்தார். கயிற்றை எடுத்துப் பிழிந்தார். ஒரு சுற்று சுற்றிவிட்டு அவிழ்த்தார். மறுபடி சுற்றினார், அவிழ்த்தார். மகாராஜா பார்த்துக்கொண்டே இருந்தான். ஊன்றுகோலை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி பைய அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஐயா, அன்னைக்கு சாரத்துல..."

"அன்னைக்குப் பேச்சு இப்பம் எதுக்கு? தள்ளி நில்லு."

மூன்றாம் தடவை அவிழ்க்கவில்லை. நாலு சுற்று, குறுக்கே இரண்டு, இழுத்து இறுக்கி ஒரு முடிச்சு. முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். தெருவில் லோடு ஆட்டோ வந்து நின்றது. மணி இரண்டாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

மந்திரமூர்த்தி வெள்ளை வேட்டியும் வெற்றிலை வாயுமாக இறங்கினார். சுடலைவடிவு கொண்டுவந்த கலர் சோடாவை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டாண்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுலயா நிறுத்தப் போறிய?"

"ஆமா அண்ணாச்சி," என்றார் இசக்கியப்பன்.

"நம்ம போர்டு கனம் கூட. தாங்குமா? தம்பி கால்ல மறுபடியும் எதும் விழுந்துரப்படாது." மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டிய வாய் தம்பி என்றது. வீட்டில் மூன்று பேருக்கும் அது கேட்டது.

இரண்டு ஆட்கள் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்தடி நீளம், மூன்றடி உயரம். ஸ்டாண்டை நெருங்கும்போது இசக்கியப்பன் கை காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிசம். கட்டினவன் மொதல்ல ஏறணும்."

"என்னது?"

"சாரக்காரங்க வழக்கம் அண்ணாச்சி. சாரத்தைக் கட்டினவன்தான் மொதல்ல ஏறி நிக்கணும். அவன் எறங்கின பெறவுதான் அடுத்த ஆளு." துண்டை முதுகுக்குத் தள்ளிக்கொண்டார். "அன்னைக்கு எனக்கு மூட்டுவலி. ஏறலை. இவனை ஏறச் சொல்லிட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டினார். போர்டு வைக்கும் பலகையில் ஒரு காலை வைத்தார், அடுத்த காலையும் வைத்தார். இரண்டு சட்டங்களையும் கட்டிக்கொண்டு தொங்கினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், சம்பந்தகாரர் முன்னால், ஸ்டாண்டில் ஏறி நிற்கிறார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். முளைக்குச்சி கிரீச்சிட்டது. கயிறு விறைத்தது. பின்கால் அசையவில்லை. அவர் வாய்க்குள் ஏதோ எண்ணினார், ஐம்பது வரை இருக்கும், பிறகு இறங்கினார்.

"வைங்க," என்றார்.

போர்டு ஏறியது. அதை வைக்கிற தள்ளுமுள்ளில் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோல் சரிந்து ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. மகாராஜா அதை எடுக்கச் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுத்தான். தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, மந்திரமூர்த்தியின் பெயரில் முதல் எழுத்தை ஆரம்பித்தான்.

தொடை வலித்தது. முதலில் சுள்ளென்று, பிறகு எலும்போடு சேர்ந்து. அவன் நிறுத்தவில்லை. இடது காலில் பாரத்தைக் கொடுத்து, வலதைத் தரையில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டான். முப்பத்தைந்து நிமிஷம். பெயர் முழுசாக வந்தது. எழுத்து ஒன்றுகூடச் சாயவில்லை.

மந்திரமூர்த்தி எழுந்து வந்தார். ஈரத்தில் படாமல் போர்டின் ஓரத்தைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"சரி மாப்ள. ஆவணி ரெண்டாம் முகூர்த்தம் பாத்துருவோம்."

சுடலைவடிவு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. மந்திரமூர்த்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு, கலரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு இசக்கியப்பன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், வெசனப்படப்படாது. எங்க பொண்ணு வந்த பெறவு, மாப்ள எங்கன வேலை பாத்தாலும் நீங்க கயித்தைத் தொடப்படாது. ஸ்டாண்டு நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் ஒரு தடவை விட்ட கை. இந்தக் கயித்தையும் அவுத்துட்டு ஒரு சங்கிலி போட்டுருங்க. அதை மட்டும் எனக்கு வாக்காக் குடுங்க."

இசக்கியப்பன் தலையைக் குனிந்தார். "தொட மாட்டேன் அண்ணாச்சி," என்றார். முதுகில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சுடலைவடிவு தலையாட்டினாள். நாலு மாதமாக அவள் அடுப்பிடம் சொன்னதைத்தான் சம்பந்தகாரர் வாயைத் திறந்து சொல்லியிருந்தார்.

மகாராஜா தூரிகையைப் பிடித்தபடி நின்றான். கல்யாணம் கைக்கு வந்துவிட்டது. இனி அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு அடுத்த வார்த்தையை எழுதினால் போதும். தேன்மொழி ஆவணியில் இந்த முற்றத்துக்கு வருவாள். ஐயா மறுபடி தெருக்குழாயில் வரிசையில் நிற்பார், செத்துப்போகிற வரைக்கும். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, உண்மையைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதானே என்று இத்தனை நாள் தனக்கே சமாதானம் சொல்லி வந்திருந்தான். அந்தச் சமாதானம் இப்போது கசந்தது.

"அவுந்தது ஐயா போட்ட முடிச்சு இல்ல," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பலகையில நின்னா எனக்கு எட்டலை. புருவத்துக்கு ஒரு முழம் கொறஞ்சுது. ஐயாவைக் கூப்பிட்டா, 'எறங்கு, நான் கட்டிப் பாத்த பெறவு ஏறு'ம்பாவ. நேரமாயிரும்னு நானே ஐயா முடிச்சை அவுத்துப் பலகையை நகத்தினேன். மறுபடி கட்டுனதும் நான்தான். கையெல்லாம் பெயிண்டு. சரியா இறுகலை."

"இதை எப்பம் சொல்லுதே?" என்றார் மந்திரமூர்த்தி.

"இப்பந்தான். ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிக்கும்போதே அம்மா ஐயாவை ஏசிக்கிட்டு இருந்தா. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். நாளைக்கு நாளைக்குன்னே நாலு மாசம் போயிட்டு."

இசக்கியப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குப் பெரிய ஆறுதல் வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது.

"ஒரு ராத்திரி நான் ஒறங்கினது இல்லை. தெரியுமாலே ஒனக்கு?"

மகாராஜா தூரிகையைக் கீழே வைத்தான்.

மந்திரமூர்த்தி வாசல்வரை போய்த் திரும்பினார். ஆட்களைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொன்னார்.

"கால் சரியில்லாதவனுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னுதான் இத்தனை நாளும் யோசிச்சேன், தம்பி. இப்பம் யோசிக்க வேண்டியது வேறயாயிட்டு." மாப்பிள்ளை மறுபடி தம்பியாகிவிட்டான். "இதை நான் சொல்ல மாட்டேன். என் மருமவகிட்ட நீயே சொல்லு. அவ சொல்லுததுதான் என் பேச்சு. போர்டு இங்கனயே இருக்கட்டும். மிச்சத்தை எழுதணுமா, இறக்கி எடுத்துட்டுப் போவணுமான்னு அவ சொல்லுவா."

லோடு ஆட்டோ தெருமுனை திரும்பிய சத்தம் ஓய்வதற்குள் காஜா முகைதீனின் குரல் கேட்டது.

"மகாராஜா, மறுபடியும் முக்கூடல் போன். எடுத்து வச்சிருக்கேன்."

மணி மூன்று. மகாராஜா ஊன்றுகோலைத் தேடினான். அது ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் தரையில் கிடந்தது. இத்தனை நேரம் நின்றதில் வலது கால் மரத்துப்போயிருந்தது. ஓர் அடி வைத்ததும் தடுமாறினான்.

என்ன கோபமாக இருந்தாலும் நாலு மாதப் பழக்கம் விடுமா? இசக்கியப்பன் தன்னை அறியாமல் ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கக் குனிந்தார்.

"நீங்க இருங்க."

இசக்கியப்பன் நிமிர்ந்தார். சுடலைவடிவு வாசல்நிலையை விட்டு முற்றத்துக்கு இறங்கி வந்திருந்தாள். மகனைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க இருங்க. அவனே எடுத்துக்கிடட்டும்."

மகாராஜா ஸ்டாண்டின் பின்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தகப்பன் கட்டிய கயிறு அவன் கனத்தையும் சேர்த்துத் தாங்கியது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, தேன்மொழி காத்திருக்கும் போனை நோக்கி நடந்தான்.